நூற்றுப் பதினான்கோடு நின்ற ஆட்டம்

பேஸ்போல் என்னும் பந்தாட்டத்தை நான் என் வாழ்நாளில் ஒரு முறையேனும் நேரிற் கண்டவனல்லன். அவ்வாட்டத்திற்குரிய மட்டையைக் கையால் தொட்டதுமில்லை. எனினும், 1994ஆம் ஆண்டு மொன்றியல் நகரத்து எக்ஸ்போஸ் அணியில் முதலாம் காவலிடத்தில் நின்றவர் யார், வெளிக்களத்தின் நடுவில் நின்றவர் யார் என்று எவரேனும் நள்ளிரவில் எழுப்பிக் கேட்பினும் தடுமாறாது சொல்வேன். வகுப்பிற் சில வேளைகளில் இதனைச் சொல்ல நேரும்போது மாணவர் சிரிப்பார்கள். கிரிக்கெற்றிலேயே ஊறிய பிள்ளைகள். அவர்கள் சிரிப்பதிற் பிழையில்லை.

காரணம் என் சித்தப்பா. 1986ஆம் ஆண்டு அவர் கனடாவிற்குச் சென்று, கியூபெக் மாகாணத்தின் பெருநகரமாகிய மொன்றியலில் ஓர் உணவகத்தின் சமையற்கட்டிற் கோப்பை கழுவும் தொழிலில் அமர்ந்தார். அந்நகரத்தில் வழங்கும் மொழி பிரெஞ்சு. வகுப்புக்குப் போக நேரமில்லாத அவர், சமையற்கட்டின் மூலையில் இருந்த வானொலிப் பெட்டியையே தம் ஆசிரியராகக் கொண்டார். கோடைகாலத்து இரவுகளில் அப்பெட்டியில் ஒலித்தது பேஸ்போல் வருணனை. இவ்வாறு அவர் ஒரே காலத்தில் ஒரு மொழியையும் ஓர் ஆட்டத்தையும் கற்றார். கற்றதை எனக்கு எழுதினார்.

அந்த வருணனையாளர் ஜாக் டூசே. 1972 தொடக்கம் 2004 வரை எக்ஸ்போஸ் அணியின் ஆட்டங்களைப் பிரெஞ்சு மொழியில் வானொலி நேயர்களுக்கு எடுத்துரைத்தவர். அமெரிக்க ஆங்கிலத்தில் பிறந்து வளர்ந்த ஓர் ஆட்டத்துக்குத் தம் மொழியிற் சொற்களைத் தேடி வழக்கிற் கொணர்ந்தவர்களுள் அவர் முதன்மையானவர். வேலிக்கு அப்பால் விழும் அடிக்கு அங்கே பெயர் ‘சுற்று அடி’ எனப் பொருள்படும். அடித்தவன் நான்கு காவலிடங்களையும் சுற்றி வருகிறானல்லவா? சுழலாது மிதந்து, அலைந்து, எங்கே வந்து விழும் என்று அறியவொண்ணாதபடி வரும் ஒருவகை எறிக்கு ‘வண்ணத்துப்பூச்சிப் பந்து’ என்று பெயர். ஆங்கிலத்தில் அதனை விரல்முட்டின் பெயரால் அழைப்பர். இரண்டிலும் எது அழகியது என்று வாசகரே முடிவுசெய்யலாம். கலைச்சொல்லாக்கக் கூட்டங்களில் மணிக்கணக்காக வாதிட்டு, ஒருவர் வாயிலும் நுழையாத சொல்லோடு வீடு திரும்பும் நம்மவர், அந்த வானொலிக்காரரிடம் சிறிது பாடங் கேட்டிருக்கலாம் என்பது என் எண்ணம்.

1994இல் எனக்குப் பதினான்கு வயது. வலிகாமத்தில் எங்கள் ஊரில் மின்சாரம் நின்று நான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன. ஜாம் போத்தல் விளக்கின் ஒளியிற் படிப்பு; துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி; பயிற்சிக்கொப்பித் தாளில் அச்சான பத்திரிகை. சித்தப்பாவின் கடிதம் சில வேளை ஆறு கிழமையில் வரும். சில வேளை மூன்று மாதத்தில் வரும். ஆகவே அவர் எழுதும் ஆட்டம் எப்போதும் எனக்குப் பழைய ஆட்டமே. ஆனாற் படிக்கும் கணத்தில் அது புத்தம் புதியது. வானத்து விண்மீனின் ஒளியும் அப்படித்தான் நம்மை வந்தடைகிறது என்று விஞ்ஞான ஆசிரியர் வகுப்பிற் சொன்னபோது எனக்கு அது உடனே விளங்கிற்று.

ஆட்டத்தின் இயல்பைச் சுருங்கச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டு எல்லே விளையாட்டை அறிந்தவர்க்கு இது கடினமன்று. அடித்துவிட்டு ஓடுவது, இடையிடையே காவலிடங்களில் தரிப்பது, சுற்றி வந்து சேர்ந்தால் ஓர் ஓட்டம் என்பன இரண்டிற்கும் பொது. எல்லேயில் அடிப்பவனுக்கு உதவியாகவே பந்து வரும். பேஸ்போலில் அவனை ஏமாற்றவே வரும். நிலத்திற் படாது நேரே பாயும் பந்தை உருண்டைத் தடியால் அடிக்கவேண்டும். ஓர் அணிக்கு ஒன்பது பேர்; ஆட்டத்துக்கு ஒன்பது முறை; முறைக்கு மூவர் ஆட்டமிழந்தால் பக்கம் மாறும். பருவமொன்றில் ஒவ்வோர் அணியும் 162 ஆட்டங்கள் ஆடும். ஏப்பிரலிற் தொடங்கிச் செப்டெம்பர் இறுதி வரை ஏறத்தாழ நாள்தோறும் ஆட்டம். அதன்பின் ஒக்டோபரில், தேர்ந்த அணிகளுக்கிடையே உலகத் தொடர். உலகத் தொடர் என்ற பெயரைக் கண்டு மயங்கவேண்டா; அதில் ஆடுவன வட அமெரிக்க அணிகளே.

எக்ஸ்போஸ் 1969இல் தோன்றியது. அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கு வெளியே அமைந்த முதற் பெருங்குழு அணி அதுவே. 1967இல் மொன்றியலில் நடந்த உலகப் பொருட்காட்சியின் பெயரே அணிக்கு வாய்த்தது. அவர்கள் ஆடிய அரங்கு 1976ஆம் ஆண்டு ஒலிம்பிக் விழாவுக்காகக் கட்டப்பட்டது. அதன் வட்ட வடிவு நோக்கி ‘பெரிய ஓ’ என்றனர். ஆங்கிலத்தில் அவ்வொலி கடன்பட்டிருத்தலையும் குறிக்குமாதலால் நகரத்தார் கசப்போடு சிரித்துக்கொண்டே அப்பெயரைச் சொல்வராம். அந்தக் கடனைத் தீர்த்து முடிக்க 2006ஆம் ஆண்டு வரை சென்றது.

1994இன் அணி ஏழை அணி. ஆட்டக்காரர் அனைவரின் சம்பளமும் சேர்ந்து ஏறத்தாழ 1 கோடியே 90 இலட்சம் டொலர். நியூயோர்க் யாங்கீஸ் அணி அதன் இருமடங்குக்கு மேற் கொடுத்தது. ஆனால் எத்தகைய இளைஞர்கள்! வலப்புற வெளிக்களத்தில் லாரி வோக்கர், கனடாவின் சொந்த மைந்தர். நடுவில் மார்க்கீஸ் கிறிசம். இடப்புறத்தில் மொய்செஸ் அலூ. அவருடைய தந்தை பெலிப்பே அலூ தான் அணியின் முகாமையாளர். டொமினிக்கன் குடியரசிற் பிறந்து பெருங்குழு அணியொன்றின் முகாமையாளரான முதல்வர். தந்தை ஆணையிட மகன் ஆடுவது எப்படியிருக்கும் என்று நான் அக்காலத்திற் பலமுறை எண்ணியதுண்டு. என் தந்தையாரும் எங்கள் கல்லூரியில் ஆசிரியர். அவருடைய கணித வகுப்பில் முன்வாங்கில் இருந்தவன் நான்.

முதற் கடிதம் ஜூனில் வந்தது. ஏப்பிரல் 13இல் நடந்த ஆட்டத்தைச் சித்தப்பா நான்கு பக்கங்களில் எழுதியிருந்தார். பெட்ரோ மார்ட்டினெஸ் என்ற 22 வயது இளைஞர், மெலிந்த உடலினர், சின்சினாற்றி அணிக்கெதிராகப் பந்தெறிந்தார். எதிர்நின்ற 22 பேரும் வரிசையாக ஆட்டமிழந்தனர். ஒருவரும் முதற் காவலிடத்தைக்கூட மிதிக்கவில்லை. இன்னும் ஐவரை வீழ்த்தினால் நிறைவாட்டம். அப்பெரும்பேறு எறிபவர் பலருக்கு வாழ்நாளிற் கிட்டுவதேயில்லை. 23ஆவதாக வந்தவர் றெஜி சாண்டர்ஸ். பந்து நழுவி அவர் உடலிற் பட்டது. அவர் என்ன செய்தார் தெரியுமோ? தம்மை வேண்டுமென்றே அடித்துவிட்டார் என்று சினந்து, எறிபவரை நோக்கிப் பாய்ந்து அடிக்க ஓடினார்! நிறைவாட்டத்தைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருப்பவன் அதனைத் தானே உடைப்பானோ? சித்தப்பா இவ்விடத்தில் இரண்டு தரம் கீழ்க்கோடிட்டிருந்தார். ஆட்டத்தை மொன்றியலே வென்றது. எனினும் பெரும்பேறு போய்விட்டது.

இரண்டாம் கடிதம் செப்டெம்பரிற் கிடைத்தது. எழுதப்பட்டதோ ஜூன் முடிவில். ஜூன் 27ஆம் நாள் இரவு, 45,000 பேருக்கு மேற் கூடிய அரங்கில், முதன்மைப் போட்டியாளராகிய அத்லாந்தா அணி வந்திருந்தது. எறிந்தவர் கிறெக் மடக்ஸ். அக்காலத்தில் அவரை வெல்வார் இல்லை என்றே சொல்லவேண்டும். அவருடைய பந்தைக் கிளிவ் பிளொய்ட் என்ற 21 வயதுப் புதியவர் வேலிக்கு அப்பால் அடித்து மூன்று ஓட்டங்களைப் பெற்றுக் கொடுத்தார். அரங்கின் அடித்தளம் அதிர்ந்ததாம். சித்தப்பாவுக்கு அன்று விடுமுறை, எங்கள் ஊரவரொருவர் அரங்கத்தைக் கூட்டித் துடைக்கும் தொழில் செய்தார், அவர் கூட்டிச்சென்றிருக்கிறார். ‘வெளிநாடு வந்தபின் முன்பின் தெரியாதவரைக் கட்டித் தழுவியது இதுவே முதல்முறை’ என்று எழுதியிருந்தார். அந்த வரி இன்றும் எனக்கு மறக்கவில்லை.

மூன்றாம் கடிதத்திற் கணக்கு இருந்தது. ஒகஸ்ட் 12ஆம் தேதியிட்ட அது ஒக்டோபர் நடுவில் வந்தது. ஆடியவை 114; வென்றவை 74; தோற்றவை 40. பெருங்குழு அணிகள் அனைத்திலும் முதலிடம். அத்லாந்தா ஆறு ஆட்டங்கள் பின்னே. கடைசி 23 ஆட்டங்களில் 20 வெற்றி. அதன் கீழே நான்கே வரியில்: ஆட்டக்காரர் இன்றுமுதல் வேலைநிறுத்தம் செய்கின்றனர், ஒரு கிழமை, மிஞ்சினால் இரு கிழமையில் தீர்ந்துவிடும், கவலைப்படாதே.

நான் கவலைப்படவில்லை. மிகுந்திருந்த 48 ஆட்டங்களையும் நானே ஆடத் தலைப்பட்டேன். பாட்டியிடமிருந்து புளியங்கொட்டைகள் வாங்கி ஒருபுறம் வெள்ளை தெரியச் சிமெந்துத் தரையில் தேய்த்தேன். ஓரணிக்கு ஆறு கொட்டை. குலுக்கி எறிந்து வெள்ளையாய் விழுபவற்றை எண்ணினால் ஓட்டங்கள். மாலைக்கு ஓர் ஆட்டம். கணிதக் கொப்பியின் பின்புறத்தில் அட்டவணை. அத்லாந்தாவுக்கு எதிராக மட்டும் மொன்றியலுக்கு ஏழு கொட்டை போட்டேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

உண்மையில் அப்போது ஆடுவதற்கு ஆட்டமே இருக்கவில்லை. செப்டெம்பர் 14ஆம் நாளே, ஆணையாளர் பொறுப்பிலிருந்த பட் சீலிக், எஞ்சிய பருவத்தையும் உலகத் தொடரையும் கைவிடுவதாக அறிவித்திருந்தார். 1904க்குப் பின் உலகத் தொடர் நடவாத முதல் ஆண்டு அது. இரண்டு உலகப் போர்களும் நிறுத்தாத தொடரைச் சம்பளத் தகராறு நிறுத்திற்று. இச்செய்தியைக் கொண்ட கடிதம் டிசம்பரில் என் கைக்கு வந்தபோது நான் 41 ஆட்டங்கள் ஆடி முடித்திருந்தேன். கொப்பியை மூடிவிட்டேன். எஞ்சிய ஏழையும் ஆடவில்லை.

தகராறு இதுதான். அணிகளின் உடைமையாளர் சம்பளத்துக்கு ஓர் உச்சவரம்பு கட்டவேண்டும் என்றனர். அப்போதுதான் மொன்றியல் போன்ற வறிய அணிகள் பிழைக்கும் என்பது அவர்கள் வாதம். ஆட்டக்காரர் சங்கம் அதை ஏற்கவில்லை. வறிய அணியைக் காக்கச் செல்வந்த அணி பணம் பகிரட்டும், எங்கள் ஊதியத்தில் ஏன் கைவைக்கிறீர்கள் என்றது. பருவம் முடிந்தபின் உடைமையாளர் தம் விருப்பப்படி வரம்பை விதித்துவிடுவர் என்ற அச்சமும் சங்கத்துக்கு இருந்தது. ஒக்டோபர் ஆட்டங்களின் தொலைக்காட்சி வருவாயே உடைமையாளருக்குப் பெரிது. அதற்கு முன்னர் நிறுத்தினால்தான் நிறுத்தத்துக்கு வலு. ஆகவே ஒகஸ்டில் நிறுத்தினர். இரு பக்கத்திலும் நியாயம் இருந்தது என்றே இன்று படித்துப் பார்க்கும்போது தோன்றுகிறது. ஆனால் வறிய அணியைக் காப்பதற்கென்று தொடங்கிய சண்டையில் முதலில் மாண்டது அந்த வறிய அணியே.

சான் டியேகோ அணியின் டோனி குவினுக்கும் அவ்வாண்டு பெரும் இழப்பு. ஆயிரத்துக்கு 394 என்ற சராசரியில் அவர் அடித்துக்கொண்டிருந்தார். 1941இல் டெட் வில்லியம்ஸ் 406 பெற்றபின் நானூறைத் தொட்டவர் எவருமில்லை. இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. அவர் 2014இல் மறைந்தார். அந்த ஆறு இலக்கம் ஆறாகவே நின்றுவிட்டது.

வேலைநிறுத்தம் 232 நாள் நீடித்து, 1995 ஏப்பிரல் 2இல் முடிந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னர் ஆட்டக்காரர் பக்கமாகத் தடையுத்தரவு வழங்கிய நீதிபதி சோனியா சொற்றொமேயர்; 2009இல் அமெரிக்க உயர் நீதிமன்றத்துக்கு உயர்ந்தவரும் அவரே. உத்தரவு வந்து ஒரு கிழமைக்குள் மொன்றியல் அணி தன் மணிகளை ஒவ்வொன்றாக விற்றது. கென் ஹில் போனார்; ஆட்ட முடிவுகளிற் பந்தெறியும் ஜோன் வெற்லாண்ட் யாங்கீசுக்குப் போனார்; கிறிசம் அத்லாந்தாவுக்கே போனார்; வோக்கர் கொலராடோவுக்குப் போனார். முந்திய ஆண்டு முதலிடத்தில் நின்ற அணி 1995இல் தன் பிரிவின் கடைசிக்கு இறங்கிற்று.

சித்தப்பாவை இவ்விற்பனையைக் காட்டிலும் வருத்தியது வேறொன்று. அரங்கத்தைக் கூட்டும் எங்கள் ஊரவருக்கு அந்த ஒகஸ்டிலிருந்து வேலையில்லை. ‘கோடி வைத்திருப்பவரும் இலட்சம் வைத்திருப்பவரும் பேசிக்கொள்கின்றனர், விளக்குமாறு வைத்திருப்பவரை ஒருவரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை’ என்று எழுதினார். எனினும் அவர் ஆட்டக்காரர் பக்கமே நின்றார். சங்கமில்லாத சமையற்கட்டில் எட்டு ஆண்டு நின்றவருக்கு சங்கத்தின் அருமை தெரிந்திருந்தது.

1995 ஒக்டோபர் 28ஆம் நாள் அத்லாந்தா உலகத் தொடரை வென்றது. கடைசிப் பந்தை வெளிக்களத்திற் பிடித்தவர் யார்? மார்க்கீஸ் கிறிசம்! மொன்றியலிற் பிடித்திருக்கவேண்டிய பந்து. இதைச் சித்தப்பா அன்றிரவே எனக்கு எழுதியிருக்கிறார். அக்கடிதம் வரவில்லை, வருவதற்கு முகவரி இல்லை. இரண்டு நாள் கழித்து, 30ஆம் நாள் இரவு, வலிகாமமே வீதிக்கு வந்தது. மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடக்க எங்களுக்கு ஓரிரவும் ஒரு பகலும் சென்றன. அம்மா நகைப்பெட்டியையும் அப்பா உறுதிகளையும் எடுத்தனர். நான் டிசம்பர்ப் பரீட்சைக்கான இரசாயனக் கொப்பியை எடுத்தேன். கடிதங்களும் புளியங்கொட்டைக் கணக்கும் வீட்டில் நின்றன. திரும்பி வந்தபோது கூரையே இருக்கவில்லை.

அணியின் கதையை விரைந்து முடிக்கிறேன். 2004 செப்டெம்பர் 29இல் மொன்றியலில் அது தன் கடைசி ஆட்டத்தை ஆடிற்று. 31,000 பேர் வந்திருந்தனர். முந்திய ஆண்டுகளில் வராதிருந்தவர்கள் அன்று அழுதார்கள் என்று சித்தப்பா சற்றுக் கோபத்தோடு சொன்னார். அடுத்த ஆண்டு அணி வாசிங்ரனுக்குப் பெயர்ந்து பெயரும் மாறிற்று. அதே 2004 ஒக்டோபரில், பொஸ்ரன் அணியில் ஆடிய பெட்ரோ மார்ட்டினெஸ், 1918க்குப் பின் அந்நகரத்துக்கு முதல் வெற்றியைப் பெற்றுக் கொடுத்தவருள் ஒருவரானார். அணி இழந்த மொன்றியல் மக்களை அவ்வேளையில் அவர் நினைவுகூர்ந்தார் என்பது சித்தப்பாவுக்குப் பெரிய ஆறுதல். 2019இல் வாசிங்ரன் உலகத் தொடரை வென்ற செய்தியை நான் மகிழ்ச்சியோடு தொலைபேசியிற் சொன்னேன். “அது வேறை ஆக்கள், தம்பி” என்று பேச்சை மாற்றிவிட்டார்.

இத்தனையையும் இப்போது எழுதத் தூண்டியது 2021ஆம் ஆண்டு. அவ்வாண்டு ஜூலையில், இருபத்துநான்கு ஆண்டுகாலச் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலை நிறுத்தின. கொள்ளைநோயால் பள்ளிகள் மூடிக்கிடந்த காலம் அது. ஏறத்தாழ நூறு நாள். நானும் நிறுத்தினேன். கோரிக்கை நீதியானது என்று அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். ஒரு நாட் காலை, பதினோராம் வகுப்பு மாணவனொருவன் துவிச்சக்கரவண்டியில் என் படலைக்கு வந்தான். அவன் வீட்டிற் கைத்தொலைபேசி இல்லை. முன்னரும் வந்து குறிப்புகளை வாங்கிச் செல்வான். “சேர், இந்தக் கிழமைக் குறிப்பு...” என்றான். “சங்கத்தின் முடிவு தெரியுந்தானே, தம்பி. முடிந்ததும் வா” என்றேன். “சரி சேர்” என்று வண்டியைத் திருப்பினான்.

நவம்பரில் வகுப்புக்கு அவன் வரவில்லை. மேசன் வேலைக்குப் போய்விட்டான் என்று மற்றப் பிள்ளைகள் சொன்னார்கள். வீட்டுக்குச் சென்று பார்த்தேன். தாயார் தேநீர் தந்து, “அவனுக்கும் விருப்பம் விட்டுப்போச்சு, சேர்” என்றார். என்மீது ஒரு குறையும் சொல்லவில்லை.

அன்றிரவு சித்தப்பாவோடு பேசினேன். அவருக்கு இப்போது முழங்கால் வலி; வேலையை விட்டுவிட்டார். நிகழ்ந்ததைச் சொன்னேன். வேலைநிறுத்தம் பிழையென்று அவர் சொல்லுவார் என்று எதிர்பார்த்தேனோ, சரியென்று சொல்லுவார் என்று எதிர்பார்த்தேனோ, எனக்கே தெரியவில்லை. அவர் இரண்டும் சொல்லவில்லை. “குறிப்பை மட்டும் குடுத்திருக்கலாம்” என்றார். சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு, அவருக்கே உரிய முறையில், “அது கிடக்க, அந்த ஏழு ஆட்டத்தையும் ஆடி முடிச்சனியோ?” என்று கேட்டார். புளியங்கொட்டைக் கதையை நான் எப்போதோ ஒருமுறை சொல்லியிருந்தேன், மறக்காமல் வைத்திருக்கிறார்.

மறுநாட் காலை பதினோராம் வகுப்புக் குறிப்புகள் முழுவதையும் பிரதியெடுத்துக்கொண்டு மீண்டும் அந்த வீட்டுக்குப் போனேன். பையன் வேலைக்குப் போயிருந்தான். தாயாரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். மாலையில் மனைவியிடம் கொஞ்சம் புளியங்கொட்டை கேட்டேன். எதற்கு என்றாள். சொன்னால் நம்பமாட்டாய் என்றேன். மகனும் வந்து அருகில் இருந்தான். இம்முறை இரண்டு அணிக்கும் ஆறாறு கொட்டைதான். முதல் ஆட்டத்தில் மொன்றியல் தோற்றது.